ஹெரால்டா, ஸ்டாண்டர்ட் 2000ஆ? ஒரே ஆலை, இரண்டு காலம்

#1 பெருங்களத்தூர்85

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். இரண்டு வண்டி விலைக்கு நிற்கிறது, எடுக்க முடிவது ஒன்றுதான். முதலாவது அறுபதுகளின் இரண்டு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், 948 சிசி. இரண்டாவது 1987 ஸ்டாண்டர்ட் 2000. இரண்டும் மெட்ராஸ் ஸ்டாண்டர்ட் ஆலையில் செய்த வண்டி, இரண்டும் பல வருஷமாக ஓடாதவை, இரண்டிலும் எஞ்சின் ஜாம் இல்லை, விலையும் கிட்டத்தட்ட ஒன்றே. இருபது வருஷம் புதியது என்பதால் 2000 எடுத்தால் வேலை குறைவு, பாகமும் கிடைக்கும் என்பது பொதுவான பேச்சு. விஷயம் தெரிந்தவர்கள் பாகம் பாகமாகப் பிரித்துச் சொல்லுங்கள். எதில் எது போகும், ஏன் போகும்?

#2 அச்சாணி

தம்பி, ஆர்சி புக்கில் உள்ள வருஷத்தை வைத்து இந்த இரண்டையும் எடை போட்டால் ஏமாந்துபோவீர்கள்.

ஹெரால்ட் 1959ல் இங்கிலாந்தில் வந்தது. உருவம் வரைந்தவர் இத்தாலியின் மிகெலோட்டி. மெட்ராஸில் 1961ல் ஆரம்பம். இங்கிலாந்தில் அதை உருவாக்கிய சமயம், ஹெரால்டைக் கட்டிய ஸ்டாண்டர்ட்-டிரையம்ஃபுக்கு பாடி அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ, போட்டிக்காரரான பிஎம்சியின் கைக்குப் போயிருந்தது. முழு பாடியையும் ஓரிடத்தில் அடிக்க வழியில்லாமல், அடியில் தனி சேஸிஸ் வைத்து, பாடியைத் துண்டு துண்டாகப் பல இடத்தில் அடித்து, போல்ட் போட்டு முடுக்கினார்கள். அவர்களுக்கு அது நெருக்கடி. பெட்டியில் பிரித்து அனுப்பி இங்கே கோர்த்தவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. அறுபது வருஷம் கழித்துத் துரு எடுக்கிறவனுக்கும் அதே வசதி.

2000 வந்தது 1985, நின்றது 1988. பாடி, 1976ல் வெளியான ரோவர் எஸ்டி1. எஞ்சின், நாற்பதுகளின் கடைசியில் வந்த ஸ்டாண்டர்ட் வான்கார்ட் வம்சம்: 83 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 92 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓட்டம்), 1991 சிசி. ஹெரால்டில் உள்ள சின்ன எஞ்சினின் மூதாதையே 1953ல்தான் வந்தது. அதாவது உங்கள் "புதிய" வண்டியின் எஞ்சின், "பழைய" வண்டியின் எஞ்சினுக்கு அண்ணன்.

பாகத்துக்கு முக்கியம், அந்த டிசைன் எத்தனை வண்டியில் எத்தனை வருஷம் போனது என்பது. ஹெரால்டின் சேஸிஸ், முன் சஸ்பென்ஷன், டிஃபரன்ஷியல், எஞ்சின் எல்லாம் விட்டெஸ், ஸ்பிட்ஃபயர் என்று டிரையம்ஃப் கார்களின் ஒரு பெரிய குடும்பத்துக்குப் போனவை. புஷ், கிராஸ், பேரிங், டிரன்னியன் எல்லாம் இன்றும் புதிதாக அடிக்கிறார்கள். 2000க்கு அந்தக் குடும்பம் இல்லை. பாடிப் பாகத்துக்கு ரோவர்க்காரர்களைக் கேட்க வேண்டும், எஞ்சின் பாகத்துக்கு டிஆர்3, வான்கார்ட் வைத்திருப்பவர்களைக் கேட்க வேண்டும், இரண்டும் சேருமிடத்தில் மெட்ராஸ் ஆலை செய்த பிராக்கெட்டும் பைப்பும் யாரிடமும் கிடைக்காது.

என் ஓட்டு ஹெரால்டுக்கு.

#3 வெட்லைனர்

அச்சாணி சார் சொன்ன வரலாறு சரி, தீர்ப்பை ஒத்துக்க முடியாது.

வான்கார்ட் எஞ்சினைக் கிழடுன்னு தள்ளாதீங்க. அதே குடும்பம்தான் ஃபெர்குசன் டிஇ20 டிராக்டரில் உழுதது, டிஆர்2 முதல் டிஆர்4 வரை ஸ்போர்ட்ஸ் காரிலும் ஓடுனது. வார்ப்பிரும்பு பிளாக், கழற்றிப் போடுற வெட் லைனர், அதாவது சுத்தித் தண்ணி நிக்கிற சிலிண்டர் உறை. போர் தேஞ்சா பிளாக்கைத் தூக்கிக்கிட்டு லேத்துக்கு ஓட வேண்டாம். நாலு லைனரையும் உருவி நாலு புதுசு இறக்கினா எஞ்சின் மறுபடி ஸ்டாண்டர்ட் சைஸ். 948ல நாலு தடவை போர் அடிச்சா பிளாக்குக்கே ஆயுசு முடிஞ்சுது, அப்புறம் டிரை ஸ்லீவ் போட்டுத்தான் ஆகணும்.

அடுத்தது, வண்டியை எதுக்கு எடுக்குறோம்? 948 சிசியில ஏறக்குறைய 40 குதிரைத்திறனுக்குள்ளதான் இருக்கு. நாலு பேரை ஏத்திக்கிட்டு செங்கல்பட்டு தாண்டி பைபாஸ்ல போற லாரிக்கு ஈடு கொடுக்க முடியாது. 2000ல அஞ்சு பேர் தாராளமா உட்காரலாம், பின் கதவைத் தூக்கி சீட்டை மடக்குனா அலமாரியே உள்ள போகும். 1977ல ஐரோப்பாவின் சிறந்த கார்னு எஸ்டி1க்குப் பட்டம் கொடுத்தாங்க, பாடியை வரைஞ்ச டேவிட் பாஷ் சாதாரண ஆள் கிடையாது.

டாஷ்போர்டைக் கவனிச்சுப் பாருங்க. மீட்டர் பெட்டி தனியா மேல உட்கார்ந்திருக்கும், டாஷோட ஒட்டி வார்த்தது கிடையாது. பக்கத்து சீட்டுக்கு நேரா வட்டமா ஒரு காத்து வழி இருக்கும். இடப்பக்க ஸ்டியரிங் வண்டியா இருந்தா ஸ்டியரிங் தண்டு வர்ற ஓட்டை அதுதான். ஒரே டாஷ், ரெண்டு நாட்டுக்கும். அப்படி யோசிச்சுக் கட்டுன வண்டி அது.

#4 தகரத்தங்கம்

எஞ்சின் பேச்சுக்கு முன்னால் தகரத்தைப் பார்ப்போம். நின்ற வண்டியில் பணத்தைத் தின்பது தகரம்தான்.

இரண்டு வண்டியிலும் கதவுக்குக் கீழே ஓடும் பட்டை, அதாவது சில், துருப்பிடித்திருக்கும். ஹெரால்டில் அது போல்ட்டில் தொங்கும் மூடி மட்டுமே, பாரம் தாங்குவது உள்ளே சேஸிஸ். கழற்றிப் போட்டுவிட்டும் வண்டியை நகர்த்தலாம். 2000ல் சில்தான் வண்டியின் முதுகெலும்பு. மோனோகாக் பாடி, தனி சேஸிஸ் கிடையாது. சில் அழுகியிருந்தால் வண்டி நடுவில் தொய்யும், கதவு தட்டும், ஜாக்கி வைத்தால் தகரம் மேலே போகும், வண்டி கீழேயே நிற்கும். மேலே ஒரு தகரத்தை ஒட்டிப் பட்டி இழுத்து விற்கிறவர்கள் நிறைய. காந்தத்தை ஒரு மெல்லிய துணியில் சுற்றி சில் நெடுக இழுத்துப் பாருங்கள். ஒட்டாத இடமெல்லாம் பட்டி.

2000ல் மேலும் பார்க்க வேண்டியவை: முன் ஸ்ட்ரட், அதாவது சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் தூணின் தலை, பானெட்டுக்குள் வந்து முடுக்கும் இடம். நான்கு விரலால் அழுத்தித் தடவினால் உப்பலும் பிளவும் தெரியும். ஸ்ட்ரட்டின் முழு உதையும் அங்கேதான் விழுகிறது. அப்புறம் பின் சக்கர வளைவு, பின் கதவின் கீழ் விளிம்பு, கண்ணாடிக்குக் கீழே தூணின் அடி. கண்ணாடிக்குக் கீழுள்ள வாய்க்காலில் இலை அடைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கித் தரைத் தகரத்தை அழிக்கும். கார்ப்பெட்டைத் தூக்காமல் பேரம் பேசாதீர்கள்.

ஹெரால்டில் பார்க்க வேண்டியது சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள். டிக்கிக்கு அடியில் உள்ள கைகள் முதலில் போகும், அடுத்து முன் தரைக்கு அடியில். அந்தக் கைகளைப் பழையதை வெட்டிப் புதியதை வெல்ட் வைக்கலாம். ஆனால் நடுத்தண்டு, டிஃபரன்ஷியல் தொங்கும் இடம் இரண்டிலும் சுத்தியால் தட்டினால் "டங்" என்று கேட்க வேண்டும். "தொப்" என்றால் விலகிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஹெரால்ட் பாடியைச் சேஸிஸிலிருந்து தூக்கும் முன், கதவு தொங்கும் தூணுக்கும் பூட்டு விழும் தூணுக்கும் நடுவே ஓர் அங்குல சதுரக் குழாயை இரண்டு பக்கமும் டாக் வெல்ட் வைத்துக்கொள்ளுங்கள். வைக்காமல் தூக்கினால் கதவு வாய் மூன்று நான்கு மில்லிமீட்டர் மூடிவிடும், அப்புறம் எந்த ஷிம் (தகட்டுத் துண்டு) போட்டாலும் கதவு இடைவெளி நேராகாது. ஒவ்வொரு பாடி போல்ட்டுக்கு அடியிலும் எத்தனை தகட்டுத் துண்டு இருந்தது என்று கழற்றும்போதே பெயின்ட் பேனாவால் சேஸிஸில் எழுதுங்கள். கடைசியில் கதவு இடைவெளியைத் தீர்மானிப்பது அந்தத் துண்டுகள்தான்.

#5 மூணாங்கியர்

ஹெரால்டுனா பயமா இருக்குன்னு சொல்றாங்களே, முன் சக்கரம் உடைஞ்சு படுத்துடும்னு. உண்மையா? பட்டறையில ஒவ்வொரு சர்வீஸுக்கும் கிரீஸ் அடிச்சா போதாதா?

#6 அச்சாணி

கிரீஸ் அடிப்பதால்தான் உடைகிறது. இதை ஹெரால்ட் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டும்.

முன் சக்கரத்தைத் தாங்கும் நிற்கும் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அது ஒரு பித்தளை நிற வெண்கலக் கட்டைக்குள் திருகி நிற்கும். அதுதான் டிரன்னியன். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையில் சுழல்கிறது. அதற்கு ஊற்ற வேண்டியது ஈபி90 கியர் ஆயில். நிப்பிளைப் பார்த்ததும் கிரீஸ் கன்னை வைக்கிறார்கள். கிரீஸ் காலப்போக்கில் காய்ந்து சோப்புக் கட்டியாகி, அடி மரைக்கு மசகு இறங்காமல் அடைத்துக்கொள்கிறது. அடியில் ரப்பர் வளையம் வழியாகத் தண்ணீர் ஏறுகிறது. எஃகு மரையில் துரு குழி விழுகிறது. வண்டி வேகமாகப் போகும்போது உடைவதைவிட, நிறுத்துவதற்காக ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போதுதான் அதிகம் உடையும், ஏனென்றால் அப்போதுதான் மரையில் முறுக்கு அதிகம்.

செய்ய வேண்டியது:

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரம் கழற்றி, டிரன்னியனைத் தண்டிலிருந்து முழுக்கத் திருகி எடுங்கள். மண்ணெண்ணெயில் ஊறவைத்து மரையைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். மரையின் பள்ளத்தில் பழுப்புக் கோடு இருந்தால் தண்டைத் தூக்கிப் போடுங்கள், வெல்ட் வைத்துக் கடைவதெல்லாம் வேண்டாம். இரண்டு பக்கத்து மரையும் எதிரெதிர்த் திசை, மாற்றி வாங்கிவிடாதீர்கள். கோர்க்கும்போது அடிவரை திருகி, பிறகு ஒரு சுற்றுக்குள் பின்வாங்கி, இரண்டு பக்கமும் ஸ்டியரிங் முழுதாக ஒடிகிறதா என்று சரிபார்த்து நிறுத்துங்கள். அடிவரை இறுக்கி விட்டால் ஒரு பக்கம் திருப்பும்போது மரை முட்டி, அதே இடத்தில் உடைய ஆரம்பிக்கும்.

அதன்பின் ஒரு கிரீஸ் கன்னை இதற்கென்றே ஒதுக்கி, அதில் ஈபி90 நிரப்பி, தண்டின் மேலே எண்ணெய் கசிந்து வரும்வரை அழுத்துங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை கட்டாயம். கன்னில் "எண்ணெய் மட்டும்" என்று பெயின்டில் எழுதி வையுங்கள், உங்கள் பட்டறைப் பையன் மாற்றிப் பிடிக்காமல் இருக்க.

#7 மூணாங்கியர்

நன்றிண்ணே. எஞ்சின்ல இதே மாதிரி ஆளைக் கொல்ற விஷயம் ஏதாவது?

#8 அச்சாணி

ஒன்று இருக்கிறது. கிராங்கின் திரஸ்ட் வாஷர்.

கிராங்க் முன்பின் நகராமல் தடுப்பது, பின் மெயின் பேரிங்கின் இரு பக்கமும் பிளாக்கில் செருகியிருக்கும் இரண்டு அரைவட்டத் தகடுகள். உள்ளங்கையில் வைத்தால் நகம் வெட்டிப் போட்ட துண்டு மாதிரி இருக்கும், ஒரு முகத்தில் எண்ணெய் ஓடும் காடி. கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் முழு அழுத்தமும் பின்பக்கத்துத் தகட்டில்தான் விழுகிறது. சிக்னலில் கியரைப் போட்டுக்கொண்டு கிளட்சில் கால் வைத்து நிற்கிற பழக்கம் இருந்தால் அது தேய்ந்து, ஒருநாள் நழுவி, அடி எண்ணெய்த் தொட்டியான சம்ப்பில் விழும். அதன்பின் கிராங்க் நேராகப் பிளாக்கைத் தேய்க்கும். பிளாக்கும் கிராங்கும் சேர்ந்து போகும்.

வாங்கும் முன் சோதனை: ஒருவர் கிளட்சை மிதிக்கட்டும், நீங்கள் முன்னால் கிராங்க் புல்லியைப் பாருங்கள். கண்ணுக்கே முன்னால் நகர்வது தெரிந்தால் நிறுத்துங்கள். டயல் கேஜ் வைத்தால் 4 முதல் 8 தவ் (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை, அதாவது 0.10 முதல் 0.20 மி.மீ. வரைதான் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் எஞ்சினை இறக்க வேண்டாம். சம்ப்பைக் கழற்றி, பின் மெயின் மூடியை இறக்கினால் தகடுகளைச் சுற்றி உருவி எடுக்கலாம். 5 தவ் ஓவர்சைஸும் கிடைக்கும். காடி உள்ள முகம் கிராங்கைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் எண்ணெய் படாமல் சில நூறு கிலோமீட்டரில் மறுபடி போய்விடும்.

மற்ற அளவுகள் எளிது. டாப்பெட் (வால்வு இடைவெளி) 10 தவ், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, எட்டுக்கும் ஒரே அளவு. ஒன்பது விதியை வைத்துக்கொள்ளுங்கள்: 8ஆம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது 1ஐச் சரிசெய்யலாம், 6 திறந்திருக்கும்போது 3ஐ. கூட்டினால் ஒன்பது வர வேண்டும். பாயிண்ட் 15 தவ், பிளக் 25 தவ், ஃபயரிங் 1-3-4-2. பானெட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரு கொக்கி, விடுவித்தால் முன் உடல் முழுவதும் முன்னால் கவிழும். டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே டாப்பெட் பார்க்கலாம். வேறு எந்தக் காரிலும் முதுகு இவ்வளவு சுகமாக இருக்காது.

#9 வெட்லைனர்

2000 எஞ்சினுக்கும் ஒரு பலவீனம் இருக்கு, மறைக்கப் போறதில்லை.

லைனர் நாலும் தண்ணிக்குள்ள நிக்குது. அடியில ரெண்டு லைனருக்கு ஒண்ணுன்னு எட்டு வடிவத்துல கேஸ்கெட். மேல ஹெட் கேஸ்கெட் அழுத்திப் பிடிக்குறதாலதான் அடி கேஸ்கெட் நிக்குது. அதனால லைனர் பிளாக் மட்டத்தை விட 3 முதல் 5 தவ் வரை மேல நீட்டியிருக்கணும். நேர் விளிம்பை லைனர் மேல வச்சு, நாலு திசையிலயும் ஃபீலர் விட்டு அளங்க. 3க்குக் கீழ போனா ஹெட் கேஸ்கெட் பிடிக்காது, பக்கத்து சிலிண்டருக்குக் கம்ப்ரஷன் ஓடும். ஒரே லைனர்ல ஒரு பக்கம் 5, மறுபக்கம் 2ன்னு வந்தா அடியில அழுக்கு மாட்டியிருக்கு, உருவிச் சுத்தம் பண்ணுங்க.

பெரும்பாலான பட்டறையில நடக்குற தப்பு இதுதான்: ஹெட்டைத் தூக்குறாங்க, வால்வ் கிரைண்ட் பண்ணணும்னு. பிஸ்டன் எங்க இருக்குன்னு பார்க்க கிராங்கைச் சுத்துறாங்க. பிஸ்டன் மேல வரும்போது லைனரையும் இழுத்துக்கிட்டு ஒரு மயிரிழை தூக்கிடும். அடி கேஸ்கெட் பிடி விட்டுடுச்சு. கோர்த்து ஓட்டுன ரெண்டாவது வாரம் ஆயில் பால் கலந்த டீ நிறத்துல வரும். ஹெட்டைத் தூக்கினதும் முதல் வேலை, ஸ்டட்டுல குழாய்த்துண்டும் பெரிய வாஷரும் போட்டு நட்டு முடுக்கி லைனரை அமுக்கி வைக்கணும். அதுக்கப்புறம் எவ்வளவு வேணா சுத்துங்க.

வாங்கப் போகும்போது: ராத்திரி முழுக்க நின்ன வண்டியில, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, சம்ப் பிளக்கை மெதுவா ரெண்டு மரை தளர்த்துங்க. தண்ணி எண்ணெயை விடக் கனம், அடியில தேங்கியிருக்கும். முதல்ல சொட்டுறது தண்ணின்னா, லைனர் கேஸ்கெட் போயிருக்கு. விற்கிறவர் "டிப்ஸ்டிக்கைப் பாருங்க, சுத்தமா இருக்கு"ன்னு காட்டுவார். நின்ன வண்டியில டிப்ஸ்டிக் சுத்தமாத்தான் இருக்கும்.

இன்னொண்ணு, நம்ம ஊர் போர் தண்ணி. உப்புத் தண்ணியை ரேடியேட்டர்ல ஊத்தி ஓட்டின வண்டியில லைனர் உட்காருற வார்ப்பு மேடை அரிச்சு குழி விழுந்திருக்கும். குழி இருந்தா எந்த கேஸ்கெட்டும் நிக்காது. லைனரைச் சுத்தி அடியில துருச் சேறு ரெண்டு விரல் கடை உயரத்துக்குப் படிஞ்சிருக்கும். பிளாக் பக்கத்துல இருக்குற டிரெயின் குழாயைக் கழற்றி, கம்பி விட்டுக் கிளறி வெளியே எடுக்கணும். சேறு இருக்குற வரைக்கும் ஹீட்டாகும், ரேடியேட்டரை மாத்தி பிரயோஜனமில்லை. டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி ஊத்துங்க.

#10 அச்சாணி

வெட்லைனர் தம்பி உண்மையைச் சொன்னதற்கு நன்றி. ஒன்று சேர்க்கிறேன். இந்த வம்சத்தில் கிராங்கின் பின்முனைக்கு ரப்பர் சீல் கிடையாது. தண்டில் வெட்டிய சுருள் காடி எண்ணெயை உள்ளே திருப்பித் தள்ளும். பெல் ஹவுசிங் அடியில் நாலு சொட்டு விழுவது அதன் இயல்பு. ஒழுகாமல் ஆக்குகிறேன் என்று பட்டறைக்காரர் சிலிக்கானைத் திணித்தால், அந்தத் துண்டு உதிர்ந்து ஆயில் பம்ப்பின் வலையை அடைக்கும். ஒழுக்கு தாரையாக இருந்தால் மட்டும் பின்மூடியைச் சரியான கோடு பார்த்துக் கோர்க்க வேண்டும்.

லைனர், பிஸ்டன் ஆர்டர் போடும் முன் பழையதை உருவி மைக்ரோமீட்டரில் அளந்து, உயரம், வெளிவிட்டம் எல்லாம் எழுதி அனுப்புங்கள். டிஆர்3 கிட் என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள்.

#11 பெருங்களத்தூர்85

ஓட்டத்தில் எப்படி? ஹெரால்ட் வளைவில் பின்னால் வீசும் என்கிறார்கள்.

#12 கொக்கிப்பூட்டு

ஊருக்குள் ஹெரால்டை மிஞ்ச வண்டியில்லை. 25 அடி விட்டத்துக்குள் திரும்பிவிடும். மயிலாப்பூர் மாட வீதியில் ஒரே ஒடியில் திரும்பலாம். 2000ஐ அங்கே எடுத்துப்போனால் மூன்று தடவை முன்பின் போக வேண்டும்.

பின்னால் வீசுவது பின் சஸ்பென்ஷனால். டிஃபரன்ஷியல் சேஸிஸில் நிலையாக நிற்கும், அதன் தலையில் குறுக்கே ஒரே பட்டைக்கட்டு. இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொரு கிராஸ் (தண்டை மடங்கவிடும் மூட்டு) மட்டுமே, சக்கரப் பக்கம் கிராஸ் கிடையாது. அதனால் சக்கரம் ஏறி இறங்கும்போது சாய்மானமும் சேர்ந்து மாறும். வேகமாக வளைவில் நுழைந்து பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரை விட்டால், பின்பகுதி தூக்கி, வெளிச் சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கப் பார்க்கும், பிடி போய்விடும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் மெல்ல மிதித்துக்கொண்டே போனால் ஒன்றும் ஆகாது. காற்று பின்னால் முன்பக்கத்தைவிட 4, 5 பவுண்டு கூடுதலாக வையுங்கள். நான்கிலும் ஒரே காற்று வைப்பதுதான் பெட்ரோல் பங்கில் நடக்கும் தவறு. பட்டைக்கட்டு தொய்ந்து பின் சக்கரங்கள் உட்கார்ந்த வண்டியும் கூடாது, புதுக்கட்டு போட்டு எகிறி நிற்கும் வண்டி அதைவிட ஆபத்து. இங்குள்ள வாடிக்கையாளரும் மெக்கானிக்கும் இதை விரும்பாததால்தான் 1972ல் இதே ஆலையிலிருந்து வந்த கஸெல் காரில், இரண்டு பின் சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் சாதாரண லைவ் ஆக்ஸில் வைத்தார்கள்.

பின் ஹப்பை எடுக்க வேண்டி வந்தால் கனமான ஹப் புல்லர் இல்லாமல் தொடாதீர்கள். கூம்பு முனையில் சாவி போட்டு இறுக்கியது. புல்லரை முறுக்கேற்றி ராத்திரி முழுக்க விட்டுவிட்டு, காலையில் புல்லர் தலையில் ஒரே அடி. சுத்தியால் ஹப்பின் விளிம்பைத் தட்டினால் விளிம்பு வளையும், பிரேக் டிரம் ஆடும்.

டயர் கவலை ஹெரால்டுக்கு இல்லை. 13 அங்குல ரிம், 145/80 ஆர்13 எந்த ஊரிலும் கிடைக்கும்.

#13 வெட்லைனர்

நெடுஞ்சாலையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையே. 2000 முன்னாடி மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், டிஸ்க் பிரேக். ஹெரால்ட் 948ல நாலும் டிரம், சிங்கிள் சர்க்யூட். ஒரு ஹோஸ் வெடிச்சா பெடல் தரையில.

#14 கொக்கிப்பூட்டு

ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் நின்ற ஹெரால்டில் மாஸ்டர் சிலிண்டர், நான்கு வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் கேள்வியே இல்லாமல் மாற்ற வேண்டும். கிட் போட்டுச் சமாளிப்பது, சிலிண்டர் உள்சுவர் கண்ணாடி மாதிரி இருந்தால் மட்டும். விரல் நகம் மாட்டும் அளவு குழி இருந்தால் எஃகு ஸ்லீவ் போட வேண்டும் அல்லது புதிது. ஸ்பிட்ஃபயர் டிஸ்க் முன்னால் பொருந்தும், ஆனால் வண்டியின் ஆர்சி பதிவு விஷயத்தை யோசித்துவிட்டு மாற்றுங்கள்.

#15 ஆர்சிபுக்

பதிவு விஷயம் இதோ. இங்கேதான் இரண்டு வண்டியும் முழுக்கப் பிரிகின்றன.

2021ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வண்டிகளுக்குத் தனிப் பிரிவு சேர்த்தார்கள். முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய, வணிகத்துக்கு ஓடாத, மூல வடிவம் மாறாத வண்டி என்றால் "விஏ" வரிசையில் எண் வாங்கலாம். ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளவும் வழியுண்டு. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், பிறகு புதுப்பிக்க 5,000. ஹெரால்ட் இதற்குள் வரும். 1987 வண்டி 2037 வரை காத்திருக்க வேண்டும். அதுவரை 2000 சாதாரணப் பழைய கார்தான்: ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை எஃப்சி காட்டி ஆர்சி புதுப்பிக்க வேண்டும்.

ஆனால் விஏ பதிவு எடுத்த வண்டியில் தினமும் ஆபீசுக்குப் போக முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு எடுத்துப்போகலாம். தினசரி ஓட்டும் எண்ணம் இருந்தால் ஹெரால்டையும் சாதாரணப் புதுப்பித்தலில் வைத்திருங்கள். சேஸிஸை வெட்டி வேறு எஞ்சின் ஏற்றிய ஹெரால்ட் என்றால் விஏ கதவு மூடிவிடும்.

வாங்கும் முன் ஆர்சி புக்கில் உள்ள சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் உள்ளதோடு எழுத்து எழுத்தாக ஒத்துப்பாருங்கள். 2000க்கு எஞ்சின் மாற்றியவர்கள் அதிகம், டீசல் ஏற்றியவர்களும் உண்டு. புக்கில் ஏறாத மாற்றம் இருந்தால் எஃப்சியில் நிற்கும்.

#16 மூணாங்கியர்

பெட்ரோலை யாரும் சொல்லலையே. பங்கு எல்லாத்துலயும் இப்ப இ20தானே?

#17 அச்சாணி

இரண்டு வண்டிக்கும் ஒரே மருந்து. எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்து உதிர்க்கும். டேங்கிலிருந்து கார்ப் வரை எல்லா ஹோஸையும் ஆர்9 என்று அச்சிட்ட ஃப்ளோரோ ரப்பர் ஹோஸாக மாற்றுங்கள், பெட்ரோல் பம்ப் டயஃப்ரமும் அந்த வகையில் கிடைக்கிறது. கலவை மெலியும் என்பதால் மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டிப் பார்த்து பிளக் நிறத்தைக் கவனியுங்கள். வெள்ளையாக வந்தால் இன்னும் கூட்டணும், பிஸ்கட் நிறம் வந்தால் போதும். ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தும்போது ஃப்ளோட் கிண்ணத்தைக் காலி செய்யுங்கள். எத்தனால் ஈரத்தை இழுத்து அடியில் தண்ணீராகத் தேங்கி ஜெட்டை அரிக்கும்.

அதோடு, ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியோடு நாடு முழுக்க நின்றது. இந்தப் பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வ் சீட்டுக்கு ஈயம்தான் மெத்தை. அது இல்லாமல் சீட் தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும். அடையாளம்: எக்ஸாஸ்ட் டாப்பெட் இடைவெளி மட்டும் மறுபடி மறுபடி குறைந்துகொண்டே வரும். ஹெட் எப்படியும் இறங்கும்போது கெட்டியான எக்ஸாஸ்ட் சீட் வளையங்களைப் பதித்துவிடுங்கள்.

#18 தகரத்தங்கம்

தம்பி, இரண்டு வண்டியையும் ஒரே நாளில் பாருங்கள். கையோடு: துணி சுற்றிய காந்தம், சின்ன சுத்தி, டார்ச், சம்ப் பிளக்குக்கு ஸ்பேனர், ஃபீலர் கேஜ், ஜாக்கி, இரண்டு ஸ்டாண்ட். ஹெரால்டில் சேஸிஸ் நடுத்தண்டு, புல்லி அசைவு, டிரன்னியன். 2000ல் சில், ஸ்ட்ரட் தலை, சம்ப்பின் முதல் சொட்டு. ஆறுக்கும் பதில் கிடைத்துவிடும். 2000ல் மூன்றும் சுத்தமாக இருந்தால் வெட்லைனர் சொன்னதைக் கேளுங்கள், அப்படிப்பட்ட உடல் இன்னொன்று கிடைக்காது. கண்ணாடி, பின் விளக்கு, கதவு ரப்பர், ஹேண்டில் எல்லாம் வண்டியோடு இருக்கிறதா என்று எண்ணிக்கொள்ளுங்கள். புதுப்பேட்டையில் ஹெரால்டின் ஹேண்டிலாவது அதிர்ஷ்டம் இருந்தால் அகப்படும், 2000ன் பின் விளக்குக்குக் கப்பல் செலவு கொடுக்க வேண்டும்.

#19 வெட்லைனர்

சில் சுத்தமா இருந்து, சம்ப்ல தண்ணி வந்தாலும் விட்டுடாதீங்க. லைனர் கேஸ்கெட் ஒரு வாரத்து வேலை. அழுகுன சில் ஒரு வருஷத்து வேலை. சில்லைப் பாத்துத்தான் விலை பேசணும்.

#20 பெருங்களத்தூர்85

ஞாயிறு இரண்டையும் பார்க்கப் போகிறேன். சந்தேகம் ஒன்று: ஹெரால்டில் டிரன்னியனை அங்கேயே கழற்ற விடமாட்டார்கள். கழற்றாமல் தெரிந்துகொள்ள வழி உண்டா?

#21 அச்சாணி

முழுதாகத் தெரியாது, பாதி தெரியும். முன்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரத்தை 12 மணி, 6 மணி இடத்தில் பிடித்து ஆட்டுங்கள். உங்களோடு வருகிறவர் டிரன்னியன்மேல் விரல் வைத்திருக்கட்டும். ஆட்டம் ஹப் பேரிங்கிலா, மரையிலா என்று விரலுக்குத் தெரியும். பிறகு ஸ்டியரிங்கை ஒரு கடைசியிலிருந்து மறு கடைசிவரை கையால் திருப்புங்கள். நடுவில் எங்காவது கறகறப்போ இறுக்கமோ வந்தால் மரையில் துரு. கடைசியாக நிப்பிளைத் துடைத்துப் பாருங்கள். அதன் வாயில் இருப்பது கிரீஸ் என்றால், இரண்டு தண்டு, இரண்டு டிரன்னியன், புஷ் எல்லாவற்றின் விலையையும் பேரத்தில் கழித்துக்கொண்டு, வண்டியை ஓட்டி வராமல் லாரியில் ஏற்றிக் கொண்டுவாருங்கள்.